கொண்டை ஊசி வளைவில் 650 சிசி: ஒரு வாசகருக்குப் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்றவர்களுக்குப் புரிவதற்காக நடந்ததை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41, திருப்பூரில் பின்னலாடைத் தொழில். பதினாறு ஆண்டுகள் 150 சிசி வண்டி ஓட்டிய பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வாங்கியிருக்கிறீர்கள். சென்ற மாதம் ஐந்து நண்பர்களுடன் வால்பாறைக்குப் போய்விட்டு ஆழியாறு நோக்கி இறங்கும்போது, இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி கைக்கு அடங்காமல் எதிர்த்தடத்துக்குப் போய்விட்டது. மேலேறி வந்த பேருந்தின் ஓட்டுநர் உங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டதால், அதன் முகப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று பிழைத்தீர்கள். இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள்: வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்கக் கற்றுக்கொள்வது எப்படி, இந்த எடையும் சக்தியும் உங்களுக்கு ஏற்றவைதானா, அல்லது வீட்டில் சொல்வதுபோல் வண்டியை விற்றுவிட வேண்டுமா, ஐப்பசியில் நண்பர்கள் திட்டமிட்டிருக்கும் கொல்லிமலைப் பயணத்துக்குப் போகலாமா.

முதல் கேள்வியிலேயே உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று உங்களுக்குக் குறைந்துபோனது சாய்வு என்று நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வாக்கியங்கள் வேறு கதை சொல்கின்றன. "முன்னால் போன நண்பரின் பின்விளக்கை விட்டுவிடக் கூடாது என்று தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன்" என்பது ஒன்று. "பேருந்தைப் பார்த்ததும் முன் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நிமிர்ந்து நேராக அதை நோக்கியே போனது" என்பது மற்றொன்று. வளைவுக்கு முன் உங்கள் கண் நண்பரின் பின்விளக்கில் இருந்தது; வளைவுக்குள் பேருந்தின் முகப்பில் இருந்தது. நீங்கள் போக வேண்டிய சாலையை, அந்த ஏழெட்டு வினாடிகளில், நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இதுதான். சாய்க்கத் தெரியாமல் வெளியே போனவர்களைவிட, பார்க்கத் தவறி வெளியே போனவர்களே அதிகம்.

சாய்வைப் பற்றிய கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை ஓட்டுபவரின் துணிச்சல் தீர்மானிப்பதில்லை. வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. இடப்பக்கக் கொண்டை ஊசியில் நாம் உட்புறத் தடத்தில் போவதால், வண்டி செல்லும் பாதையின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிமீ வேகத்தில் அந்த வளைவைக் கடக்கச் சுமார் 18 டிகிரி சாய்வு போதும். 35 கிமீ என்றால் 33 டிகிரி வேண்டும். 45 கிமீ என்றால் 47 டிகிரி. டயரின் அகலம் காரணமாக இவை ஒவ்வொன்றோடும் இன்னும் சில டிகிரி சேரும். வேகமானியில் பத்துப் பத்தாக ஏறும் முள் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும்; ஆனால் வேகம் இந்தக் கணக்கில் இருமடியாக வருவதால், 25இல் உல்லாசமாகத் திரும்பும் அதே வளைவு 45இல் உங்கள் வண்டியின் கால் வைக்கும் பெக்கைத் தரையில் உரசவைத்து, அதற்கு மேலும் கேட்கும்.

நீங்கள் நுழைந்த வேகம் "35 இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உலர்ந்த, சுத்தமான தார்ச்சாலையில் அந்த வண்டியும் அதன் டயரும் அதற்கான சாய்வைக் கொடுத்திருக்கும். ஆக, வண்டி திரும்பத் தயாராகவே இருந்தது. சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால், டயர் தரையைத் தொடும் இடம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருப்பதால், அந்தப் பிடிப்பு ஹேண்டில்பாரை வளைவின் உட்பக்கமாகத் திருப்பிவிடும்; வண்டி எழுந்து நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும். உங்கள் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு, இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு நீங்கள் விழாமல் இருந்ததற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் வண்டி நிமிர்வதை அது தடுக்காது. சாய்வின் அளவை உணர்ந்து பிரேக் விசையைச் சீராக்கும் மின்னணு ஏற்பாடு சில விலை உயர்ந்த வண்டிகளில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய வண்டியில் அதுவும் இல்லை, பின் சக்கரம் வழுக்காமல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலைகளை உங்கள் வலது கை செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேகத்தைப் பற்றி. பதினாறு ஆண்டுகள் ஓட்டியும் மலைப்பாதையில் இப்படி ஒருமுறையும் நேர்ந்ததில்லை என்று வியந்திருக்கிறீர்கள். அதில் உங்கள் திறமைக்குப் பங்கு உண்டு. பழைய வண்டியின் இயலாமைக்கும் பங்கு உண்டு. இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய நேர்ப்பாதையில் உங்கள் 150 சிசி வண்டி 45 கிமீ வேகத்தைத் தொடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 52 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொண்ட 650, அதே தூரத்தில் சத்தமில்லாமல் 70ஐத் தொட்டுவிடும். 45இலிருந்து நிற்கத் தேவைப்படும் தூரத்தோடு ஒப்பிட்டால் 70இலிருந்து நிற்க ஏறக்குறைய இரண்டரை மடங்கு தூரம் வேண்டும். பழைய வண்டியைவிட அறுபது கிலோவுக்கு மேல் கூடுதலான எடையையும் சேர்த்தால், பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்கு. ஆனால் பிரேக் பிடிக்கும் இடத்தை உங்கள் உடல் பதினாறு ஆண்டுப் பழக்கத்தில் தேர்ந்தெடுக்கிறது. பழைய வண்டிக்குச் சரியாக இருந்த அதே மைல்கல்லில், அதே மரத்தடியில் கை பிரேக்குக்குப் போகிறது. வண்டி மாறிவிட்டது, மரம் மாறவில்லை. பெரிய வண்டிக்கு மாறுகிறவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்த இடத்தைத்தான். நேர்ப்பாதையில் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வளைவுக்கு நன்றாக முன்னால், முன் பிரேக்கை மெல்லத் தொட்டுப் படிப்படியாக அழுத்தி, கியரையும் குறைத்து முடித்துவிட வேண்டும். திருப்பத் தொடங்கும் கணத்தில் "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் சரியான வேகம்.

வளைவுக்குள்ளும் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே நுழையும் முறை ஒன்று இருக்கிறது என்றும், பந்தய வீரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், நல்ல முறையும்கூட. ஆனால் டயரின் பிடிப்பு என்பது ஒரே மடியில் முடிந்து வைத்திருக்கும் பணம்; திரும்புவதற்கும் அதிலிருந்துதான் செலவு, பிரேக்குக்கும் அதிலிருந்துதான். எவ்வளவு செலவாயிற்று என்பதை விரல் நுனியில் உணர்பவருக்கு அந்த முறை உதவும். பேருந்தைக் கண்டதும் கை இறுகுபவருக்கு இப்போது வேண்டாம். ஓராண்டு கழித்துப் பேசுவோம்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. வளைவை நெருங்கும்போது சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தொலைவில் ஒன்றாகச் சேர்வதுபோல் ஒரு புள்ளி தெரியும். அதற்கு அப்பால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பார்வை முடியும் அந்தப் புள்ளியையே கவனித்துக்கொண்டு போங்கள். அது உங்களை நோக்கி விரைந்து வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். அது நெருங்காமலும் விலகாமலும் உங்களுடனேயே அதே இடைவெளியில் நகர்ந்தால், உங்கள் வேகமும் வளைவும் பொருந்தியிருக்கின்றன. அது விலகி ஓடத் தொடங்கினால் வளைவு திறக்கிறது. அப்போதுதான் ஆக்சிலரேட்டரைத் தாராளமாகத் திருகலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், அதுவும் உங்கள் தடத்துக்குள், வண்டியை நிறுத்த முடிகிற வேகமே அந்த இடத்துக்கான வேகம். 35 கிமீ அந்த வண்டிக்கு அதிகமாக இல்லாமல் இருக்கலாம். அன்று அந்த வளைவில் உங்கள் பார்வை எட்டிய தூரத்துக்கு அது அதிகம். நண்பரின் பின்விளக்கைத் தொடர்ந்ததால் நேர்ந்தது இதுதான்: அவர் பார்வைக்கும் அவர் பழக்கத்துக்கும் ஏற்ற வேகத்தை நீங்கள் இரவல் வாங்கிக்கொண்டு வளைவுக்குள் போனீர்கள்.

கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் கை வண்டியைக் கொண்டுபோகும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். பேருந்தைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் யாராலும் முடியாது. அச்சம் தரும் பொருளைக் கண் தானாகவே தேடும். ஆகவே செய்ய வேண்டியது வேறு. பேருந்து எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அதற்கும் சாலையோரத்துக்கும் இடையே உங்களுக்கென மீதமிருக்கும் இடைவெளியின் மறுமுனைக்குத் தலையைத் திருப்புங்கள். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது. ஹெல்மெட்டின் தாடை, நீங்கள் போக வேண்டிய இடத்தை நோக்கித் திரும்ப வேண்டும். கொண்டை ஊசியில் அது ஏறக்குறைய உங்கள் தோளுக்கு மேலாகப் பார்ப்பதாக இருக்கும். முதலில் கூச்சமாக இருக்கும். காலியான மைதானத்தில் இருபது முறை செய்தால் போய்விடும்.

தலை திரும்பிய பிறகு கை என்ன செய்ய வேண்டும் என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. மிகக் குறைந்த வேகத்தில், நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலாகப் போகும்போது, ஹேண்டில்பாரைத் திருப்பிய பக்கம் வண்டி திரும்பும். அதற்கு மேற்பட்ட வேகத்தில் இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடது பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சரியும். நம்பக் கடினமாக இருந்தால் நீங்கள் தனியாக இல்லை. விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் சைக்கிள் கடை நடத்தியவர். இடப்பக்கம் திரும்ப முதலில் ஹேண்டில்பாரைச் சற்று வலப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது என்பதைச் சைக்கிள் ஓட்டிகள் தாமே செய்துகொண்டிருந்தும் கவனிக்கவில்லை என்று அவர் கண்டிருக்கிறார். நீங்களும் பதினாறு ஆண்டுகளாக இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பழைய வண்டி லேசானது. இடுப்பை அசைத்தாலே திரும்பியது போலிருக்கும். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி இடுப்பசைவைப் பொருட்படுத்தாது. இடது பிடியை அறிந்தே தள்ளுங்கள். வளைவு இறுகினால் இன்னும் சற்றுத் தள்ளுங்கள். அன்று வலது கை பிரேக்குக்குப் போகாமல் இடது கை இதைச் செய்திருந்தால், பேருந்தை ஒட்டி உங்கள் தடத்திலேயே கடந்திருப்பீர்கள். இதற்குக் கைகள் தளர்ந்திருக்க வேண்டும். இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கினால், இரண்டு கைகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும், வண்டி திரும்பாது. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, பாரத்தைத் தொடையிலும் இடுப்பிலும் தாங்குங்கள். முழங்கையில் மடிப்பு இருக்கட்டும்.

தடத்தில் எந்தப் பக்கமாக ஓட்டுவது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தயக் களத்தில் முழு அகலமும் நமக்குச் சொந்தம். சாலையில் நம் தடம் மட்டுமே. இடப்பக்க வளைவுக்கு வரும்போது, எதிரே வருபவருக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு நம் தடத்தின் வலப்புறமாக வந்தால் வளைவுக்குள் சற்று அதிகமாகப் பார்க்கலாம். அவசரப்பட்டுச் சீக்கிரம் திருப்பிவிடாமல், வளைவின் வெளியேறும் பகுதி கண்ணில் படும்வரை காத்திருந்து திருப்புங்கள். சீக்கிரம் திருப்புகிறவரை வளைவின் இறுதியில் வண்டி வெளியே, அதாவது எதிர்த்தடத்துக்குத் தள்ளும். வலப்பக்க வளைவில் தடத்தின் இடப்புறமாக வந்து, அதே பொறுமையோடு திருப்ப வேண்டும். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சக்கரங்கள் நடுக்கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்திருக்கும் உங்கள் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கோட்டை ஒட்டிப் போவதில் பெருமைப்படும் இளைஞர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆக்சிலரேட்டரையும் கிளட்சையும் பற்றி ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ வண்டியை உருளவிடுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த சிக்கனம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வருவதால்தான் வண்டி நிதானப்படுகிறது, பிரேக்கும் சூடேறிக் களைக்காமல் இருக்கிறது. கொண்டை ஊசி இறக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவது கியர் போதும். கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சிறிது தட்டிக்கொடுத்துக் கிளட்சை மெல்ல விட்டால் பின்சக்கரம் துள்ளாது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினாலும் சட்டென்று திறந்தாலும், இந்த அளவு எஞ்சினில் அது ஒரு குலுக்கலாக டயருக்குப் போய்ச் சேரும். திருப்பி முடித்ததும் வேகம் கூடாத அளவுக்கு ஒரு மயிரிழை திறந்துவைத்து, பார்வைப் புள்ளி விலகத் தொடங்கியதும் சீராகத் திருகுங்கள். ஏற்றத்தில் வரும் மிக இறுகிய வளைவில் ஆபத்து வேறு விதமானது: கியர் அதிகமாக இருந்து எஞ்சின் அணைந்துபோனால், சாய்ந்திருக்கும் இரண்டு குவிண்டால் வண்டியைக் காலால் தாங்க முடியாது. அங்கே முதல் கியர் அவமானமில்லை. பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி கிளட்சைப் பாதி பிடித்துத் திரும்புவது, மெதுவான திருப்பத்தில் வண்டியைக் கயிற்றில் கட்டியதுபோல் நிலையாக வைக்கும்.

சாலையின் மேற்பரப்பை வண்டி ஓட்டும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆழியாறு சாலையை நான் அறிந்தவரையில் சில சொல்கிறேன். கொண்டை ஊசிகளின் உட்புறத்தில் சரளை சேரும். டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொண்டு ஏறும் லாரிகளிலிருந்து அது சிந்துவதும் வளைவுகளில்தான். மழைத்தூறலில் அது வானவில் நிறமாகத் தெரியும், உலர்ந்த சாலையில் கருமையான பட்டையாகத் தெரியும், கண்ணில் படும் முன்பே அதன் வாடை மூக்குக்குத் தெரியும். நிழல் விழும் இடத்தில் பாசி. இவற்றோடு, அந்தச் சாலையின் 40 வளைவுகளில் ஒன்பதாவதில் இருக்கும் காட்சிமுனையில் வரையாடுகள் தென்பட்டால் கார்கள் நினைத்த இடத்தில் நின்றுவிடும். இறங்கிப் படம் எடுப்பவர்கள் சாலையின் நடுவே பின்னோக்கி நடப்பார்கள். வளைவுக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கும் ஒரு கார் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் நுழையுங்கள். மறைவான வளைவுக்கு முன் ஹார்ன் அடிப்பதில் கூச்சம் வேண்டாம். அகலம் போதாத மலைப்பாதையில் ஏறி வருபவருக்கே முன்னுரிமை என்று விதிகளும் சொல்கின்றன. அந்த ஓட்டுநர் தமக்குரிய உரிமையைக் கேட்காமல் உங்களுக்காக நின்றார்.

புறப்படும் முன் டயர்களைப் பாருங்கள். காற்றழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் கண்ணளவாக அடித்துக்கொள்வது போதாது. டயர் சுவரில் கடைசியாக வரும் நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். உங்கள் வண்டி புதியதென்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. டயர் மாற்றும் நாளில் கடைக்காரரிடம் இதைப் பார்த்து வாங்குங்கள். புது டயரின் மேற்பரப்பு முதல் நூறு கிலோமீட்டர் வரை வழுக்கும் தன்மையோடு இருக்கும் என்பதையும் அன்று நினைவில் கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு மலை வேண்டாம், முதல் மூன்று வாரங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உரிமையாளரின் அனுமதியோடு ஒரு காலியான கிடங்கு வளாகமோ மைதானமோ கிடைத்தால் போதும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமிருக்காது. நேர்கோட்டில் 40 கிமீ வேகத்திலிருந்து, ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் அதிர்வு பிடியில் தெரியும்வரை பிரேக்கை அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். அந்த அதிர்வு புதிதாக இருக்கக் கூடாது. பிறகு செங்கற்களை வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள். தலை எப்போதும் அடுத்த செங்கலுக்கு முன்னால் திரும்பியிருக்கட்டும், கீழே சக்கரத்தருகே உள்ள செங்கல்லைப் பார்க்கவே கூடாது. இடப்பக்கச் சுற்று எளிதாகவும் வலப்பக்கச் சுற்று கடினமாகவும் இருந்தால், பெரும்பாலானோருக்கு அப்படித்தான், கடினமான பக்கத்துக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகு சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலை. இருபது கொண்டை ஊசிகள்தான். வார நாளில் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, தனியாகப் போங்கள். ஏறுவது இறங்குவதைவிடச் சுலபம், ஏனென்றால் வேகம் தானாகவே குறையும்; ஆகவே ஏற்றத்தில் பார்வைப் புள்ளியைப் பழகிக்கொண்டு, இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னே வேகத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாருங்கள். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது.

சாய்வைத்தான் அறிய வேண்டும் என்ற ஆசை அப்போதும் மிஞ்சியிருந்தால் அதற்குரிய இடம் பந்தய ஓடுதளம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஓடுதளம் சுமார் 3.7 கிமீ நீளமானது. பயிற்சி நாள்கள் நடக்கும்போது பணம் கட்டிப் போங்கள். அங்கே எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போகும், சரளை கிடையாது, பேருந்து கிடையாது, ஒரே வளைவை ஒரு நாளில் ஐம்பது முறை திரும்பலாம். அங்கே கற்ற பார்வையை மலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஓட்டிய வேகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வண்டியை விற்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில் வேண்டாம். எஞ்சின் சீராகச் சக்தி தரும் வண்டி அது. உங்கள் வயதும் அனுபவமும் அதற்குக் குறைந்தவையல்ல. ஆனால் வீட்டில் எழுந்திருக்கும் கவலையை நீங்கள் கடிதத்தில் சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள், அது சிரிப்புக்குரியதன்று. நடந்ததை முழுவதுமாக அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று எனக்குச் சந்தேகம். ஏற்காட்டுக்கு மூன்று முறையாவது தனியே போய் வரும்வரை பின்னிருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள். அதற்குப் பிறகு மனைவியை அழைத்துப்போனால், இடப்பக்க வளைவில் உங்கள் இடது தோளுக்கு மேலாகவும் வலப்பக்க வளைவில் வலது தோளுக்கு மேலாகவும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் தானாகவே சரியான பக்கம் சேர்ந்துகொள்ளும், வேறு எதையும் கற்றுத்தரத் தேவையில்லை. பின்னிருக்கையில் ஆள் ஏறினால் நிறுத்தும் தூரமும் கூடும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்து நீங்களே வருவித்துக்கொள்வீர்கள்.

கொல்லிமலைக்கு ஐப்பசியில் போக வேண்டாம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசிகள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதம். உங்கள் குழுவில் ஆறு வண்டிகள், அவற்றில் முன்னால் போகும் நண்பரின் பின்விளக்கு மறுபடியும் உங்களைக் கூப்பிடும். மாசி மாதம் போகலாம், அப்போதும் குழுவில் கடைசி வண்டியாக, அடுத்த சந்திப்பு எங்கே என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு.

நண்பர்கள் ஐப்பசியிலேயே போவதென்று உறுதியாக இருந்தால் நீங்களும் போங்கள், வண்டியைக் கொண்டுபோகாமல். நாமக்கல்லில் கொல்லிமலைப் பேருந்து ஏறி, முன்கண்ணாடி வழியே சாலை முழுவதும் தெரிகிற இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். காரவள்ளி தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள்: எத்தனை வளைவுகளில் பேருந்தின் முகப்பு எதிர்த்தடத்துக்குப் போகாமல் திரும்ப முடிகிறது, எதிரே இறங்கி வரும் இருசக்கர வண்டி ஓட்டுநரின் கண்ணுக்கு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது, ஹார்ன் கேட்டு முன்பே ஓரம் ஒதுங்கியவர்கள் எத்தனை பேர். எழுபதையும் எண்ணி முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓட்டப் பயிற்சியாளர்